ஏர் ரைபிள் பழகுவது எப்படி: பத்து மீட்டர் இடமும் ஒரு டப்பா பெல்லட்டும்

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்களில் பலூன் சுடாதவர்கள் ரொம்பக் குறைவு. பலகை முழுக்கப் பலூன் குத்தியிருக்கும், கடைக்காரர் துப்பாக்கியை மடக்கி பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைப் போட்டுக் கையில் கொடுப்பார், நாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுண்டி இழுப்போம். குறிவைத்த பலூன் அப்படியே இருக்கும், பக்கத்துப் பலூன் வெடிக்கும். அத்தோடு நிறையப் பேருக்கு ஆசை தீர்ந்துவிடும். சிலருக்குத் தீராது. வீட்டுக்கு வந்த பிறகும் "நேராகத்தானே பார்த்தோம், ஏன் அங்கே போச்சு?" என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வளர்ந்தது கரிமருந்துத் துப்பாக்கிகளால். கரிமருந்து என்றால் கரி, வெடியுப்பு, கந்தகம் கலந்த பழைய துப்பாக்கி மருந்து. அமெரிக்காவில் 1870களின் ரைபிள்களை, அதே பழைய முறையில் தோட்டா தயாரித்து இன்றும் போட்டியில் சுடுகிறார்கள். பித்தளைத் தோட்டாக்கூட்டில் கரிமருந்தை அளந்து போட்டு, மேலே ஒரு அட்டை வில்லை வைத்து, ஈயத்தைத் தாங்களே உருக்கி வார்த்த குண்டைச் செருகி, ஒவ்வொன்றாகக் கையால் செய்வார்கள். .45-70 என்ற தோட்டா 1873ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்தது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: குண்டின் விட்டம் அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு, மருந்து 70 கிரெய்ன், அதாவது சுமார் நாலரை கிராம். போட்டியில் இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி 200 மீட்டரில், பன்றி 300ல், வான்கோழி 385ல், செம்மறிக் கிடா 500ல் நிற்கும். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், அது குழாய்க்குள் படிந்து காய்ந்தால் அடுத்த குண்டு தடம் மாறிவிடும். அதனால் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாயை வைத்து வாயால் மூச்சை ஊதி, உள்ளே இருக்கும் கரியை ஈரப்படுத்துவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது, மூச்சைக்கூட எண்ணி ஊதுகிறார்களே என்று பிரமித்துப் போனேன்.

சரி, இதை நாம் இங்கே செய்யலாமா? கூடாது. 1959ம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், கரிமருந்துக்கு வெடிபொருள் சட்டம் தனி. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், நம் மாவட்டத்தில் நாட்டு வெடிக் கொட்டகைகளில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். வீட்டில் கரிமருந்தை வைத்து எதையும் முயன்று பார்க்காதீர்கள், கொஞ்சம்கூட.

ஆனால் அந்தப் பழைய ரைபிள்காரர்களிடம் நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களுக்கு மருந்தே தேவையில்லை. ஒன்று, முந்தின தடவை செய்ததை அச்சு மாறாமல் அடுத்த தடவையும் செய்வது. இன்னொன்று, விசையை இழுத்த பிறகும் அசையாமல் நிற்பது. இந்த இரண்டையும் கடலூரிலோ புதுச்சேரியிலோ உட்கார்ந்துகொண்டு, சட்டத்துக்கு உட்பட்டு, அக்கம்பக்கத்தாருக்குச் சத்தமில்லாமல் பழக ஒரு கருவி உண்டு. அதுதான் ஏர் ரைபிள்.

முதலில் சட்டம். 2016ம் வருட ஆயுத விதிகளின்படி குழாய் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேலேயோ, குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கு மேலேயோ போனால்தான் ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டும். அதற்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். 4.5 மில்லிமீட்டரைத்தான் கடைகளில் அங்குலக் கணக்கில் பாயிண்ட் 177 என்பார்கள். பக்கத்திலேயே பாயிண்ட் 22 இருக்கும், அது உரிமம் கேட்கும் வகை, தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். அடையாள அட்டை நகல் கேட்டால் கொடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள், வெளியே எடுத்துப் போகும்போது குண்டு போடாமல் உறையில் மூடி எடுத்துப் போங்கள். தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பார்ப்பவர்களுக்கு அது எந்தத் துப்பாக்கி என்று எப்படித் தெரியும்?

பறவைகளைச் சுடக் கூடாது. இதை இரண்டாவது வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏர் ரைபிள் வாங்கியதும் புதுச்சேரி ஊசுட்டேரிப் பக்கமோ வயல் பக்கமோ கொக்கு தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியமாக, இந்த ரைபிளின் குண்டு பெரும்பாலும் உடனே கொல்லாது, அடிபட்டது எங்கோ புதரில் கிடந்து துடித்துச் சாகும். அட்டையைச் சுடுவதற்கு மட்டும்தான் இந்தப் பொருள்.

எதை வாங்குவது என்று கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து ஊரிலோ ரைபிள் கிளப் இருக்கிறதா என்று விசாரித்து, அங்கே இருக்கும் ரைபிளில் பத்து நாள் சுட்டுப் பாருங்கள். தோளில் எப்படி உட்காருகிறது, எடை தாங்குகிறதா என்பது கையில் பிடித்தால்தான் தெரியும். நான் இதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போனேன், "இதுதான் சார் பவர் அதிகம்" என்று காட்டியதை வாங்கிக்கொண்டு வந்தேன். மடக்கவே தம் கட்ட வேண்டிய ரைபிள் அது. இருபது தடவை மடக்கினால் கை நடுங்கும், நடுங்கும் கையோடு குறி பார்த்தால் என்ன ஆகும்? ஆறு மாதம் சுட்டும் ஐந்து ஓட்டைகள் ஓரிடத்தில் விழவில்லை. பத்து மீட்டருக்குப் பவர் தேவையே இல்லை. போட்டி ரைபிளில் அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில்தான் போகும், கணக்குப் போட்டால் எட்டு ஜூல்தான் வரும். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கித் தருவது அந்த எட்டு ஜூல்தான்.

வகைகள் பல இருந்தாலும் ஆரம்பத்துக்கு இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஸ்பிரிங் வைத்தது, குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி நிற்கும். காற்று அடைத்த உருளை வைத்தது, இதைப் பி.சி.பி. என்பார்கள், போட்டிகளில் இதுதான். பி.சி.பி.யில் சுடும்போது உதறல் ரொம்பக் குறைவு, ஆனால் நல்ல வெளிநாட்டுப் போட்டி ரைபிள் லட்சங்களில் விலை போகும், காற்று அடைக்கத் தனி ஏற்பாடும் வேண்டும். சொந்தமாக வாங்குவதென்றால் இந்தியாவில் செய்த, சுலபமாக மடங்கும் ஸ்பிரிங் ரைபிளே போதும். ஸ்பிரிங்கில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது, உள்ளே பிஸ்டனை நிறுத்தக் காற்று மெத்தை இருக்காது, சீல் கெட்டுவிடும். பெல்லட் போடும்போது மடக்கிய குழாயை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்திருங்கள், தப்பித்தவறி விசை விழுந்தால் குழாய் அடித்து விரல் போய்விடும். சுடும்போது வரும் அதிர்வில், தோளில் வைக்கும் கட்டையின் திருகுகள் தளர்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று குறி சிதறினால் உங்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

பெல்லட்டில் கூர்முனை, உருண்டைமுனை, தட்டைமுனை என்று இருக்கும். தட்டைமுனையை வாங்குங்கள். அட்டையில் பேப்பர் பஞ்ச் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழும், எங்கே பட்டது என்று சண்டை வராது. தோட்டாவைக் கையால் செய்கிற ஆசை இருப்பவர்கள் அதை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். டப்பாவை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொரு பெல்லட்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் விளிம்பையும் பாருங்கள். நசுங்கியது, கீறல் விழுந்தது எல்லாவற்றையும் தனியாகப் போடுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு கிடைத்தால் எடை வாரியாகவும் பிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பத்து மீட்டரில், ஆரம்பக் கட்டத்தில், எடை பிரிப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. விளிம்பு பார்ப்பதால் தெரியும். மூன்று கம்பெனி பெல்லட்டை வாங்கி, ரைபிளை மணல்பை மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து வாங்குவதால் இன்னும் நன்றாகவே தெரியும். ஒரே கம்பெனியின் இரண்டு ரைபிள்கூட ஒரே பெல்லட்டை விரும்பாது.

பெல்லட் ஈயம். நாலைந்து பெல்லட்டை வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குத் தட்டில் கை வைக்காதீர்கள். தரையில் விழுந்த ஈயத்தூளைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், சின்னப் பிள்ளைகள் தவழும் வீடென்றால் இன்னும் கவனம்.

அடுத்து இடம். கடலூர் முதுநகரில் இருக்கும் பழைய வீடுகளில் திண்ணையில் நின்றால் ரேழி, முற்றம் தாண்டிக் கொல்லைக் கதவு வரைக்கும் நேராகத் தெரியும். பத்து மீட்டருக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் பக்கவாட்டுக் கதவுகள் எல்லாம் தாழ் போட்டிருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சமையல்கட்டிலிருந்து யாராவது குறுக்கே வர ஒரு வழி இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், துப்பாக்கி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நம் ஊர் மறக்கவே கூடாது. 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியர்களிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. நாலு பக்கமும் சுட்டார்கள், குண்டு போன எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம், கடலூர் உட்பட, அவர்கள் கைக்குப் போனது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. குண்டு விழுந்த இடமெல்லாம் அன்று அவர்களுடைய சொத்தானது. இன்று உங்கள் பெல்லட் விழும் இடமெல்லாம் உங்கள் பொறுப்பு, அது குறி தவறினால் பத்து மீட்டரில் நிற்காமல் நூறு மீட்டருக்கு மேலும் போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

அதனால் ரைபிளுக்கு முன்பே குண்டு தாங்கி தயாராகட்டும். மரப்பெட்டி ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, முன்பக்கம் திறந்தது. பின்பக்கம் வெல்டிங் பட்டறையில் மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு வாங்கி, மேல்முனை முன்னால் சாய்ந்தபடி பொருத்துங்கள், அப்போதுதான் படும் ஈயம் கீழே தெறிக்கும், முகத்துக்குத் திரும்பாது. அதற்கு முன்னால் பழைய சேலை, போர்வை எல்லாவற்றையும் இறுக்கமாக அடைத்து, முன்பக்கத்தை ஒரு அட்டையால் மூடிவிடுங்கள். தகடு துணிக்குப் பின்னால் காவலுக்கு மட்டும்தான், வெறும் தகட்டைச் சுடாதீர்கள். பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவரும் போடட்டும்.

குறி அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர், பேனாவால் வைத்த புள்ளி மாதிரி. அதைத் தொட்டால் 10. அடுத்த வளையம் 5.5 மில்லிமீட்டர், அது 9. பிறகு ஒவ்வொரு வளையமும் ஐந்து ஐந்து மில்லிமீட்டராக விரியும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும் கறுப்பு வட்டம் முழுசும் 30.5 மில்லிமீட்டர்தான். பயந்துவிடாதீர்கள், முதல் மாதம் அட்டையைத் திருப்பி மாட்டி வெள்ளைப் பக்கத்தைச் சுடுங்கள். புள்ளியே இல்லாமல் ஐந்து ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். நெருக்கம் வந்த பிறகு அதை நடுவுக்கு நகர்த்துவது திருகைத் திருப்பும் வேலை: ஓட்டைகள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை, அதாவது குறி பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பாகத்தை, நகர்த்தினால் போதும்.

இப்போது நிற்பது. வலக்கைக்காரர் என்றால் இடது தோள் அட்டையைப் பார்த்திருக்க வேண்டும், கால்கள் தோளகலம், இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல். ரைபிளின் எடை இடது உள்ளங்கை, முழங்கை, இடுப்பு, கால் என்று எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும், கைச்சதை தூக்கக் கூடாது. தலையை ரைபிளுக்குக் குனியாமல், ரைபிளைத் தலைக்குக் கொண்டு வாருங்கள். இப்படி நின்றுகொண்டு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறங்கள். குறி அட்டையின் நடுவிலிருந்து விலகி நின்றால் கையால் இழுத்துச் சரி செய்யாதீர்கள், பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கையால் இழுத்தால் விசை விழும் நேரத்தில் உடம்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

என் அக்கா மகனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது முதல் நாளே, "மாமா, குறி நிக்கவே மாட்டேங்குது, ஆடுது" என்றான். "ஆடத்தான்டா செய்யும், யாருக்கும் நிக்காது. ஆடும்போதே மெதுவா அழுத்து" என்றேன். இதுதான் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம். குறி நடுவுக்கு வரும் அந்தக் கணத்தைப் பிடிக்கிறேன் என்று சுண்டி இழுப்பார்கள், இழுத்த வேகத்தில் ரைபிள் நகர்ந்துவிடும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள், விரலின் முதல் சதையால் நேராகப் பின்னோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள், எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது. எட்டு விநாடிக்குள் வெடிக்கவில்லை என்றால் விரலை எடுத்து, ரைபிளை இறக்கி, மூச்சு வாங்கி மறுபடி தொடங்குங்கள். இறக்குவதற்கு வெட்கப்படாதீர்கள், ஒரு சுடுதலை வேண்டாம் என்று விடத் தெரிந்தவர்தான் முன்னேறுகிறார்.

வெடித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. ஸ்பிரிங் ரைபிளில் விசையை அழுத்தியதும் முதலில் கனமான பிஸ்டன் முன்னால் பாயும், ரைபிள் பின்னால் உதறும், அப்புறம்தான் பெல்லட் குழாயை விட்டுக் கிளம்பும். அதாவது விசை விழுந்த பிறகும் ஒரு கணம் பெல்லட் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நீங்கள் அதற்குள் "பட்டதா?" என்று தலையைத் தூக்கினால் அந்த அசைவையும் அது அட்டைக்குக் கொண்டு போகும். கரிமருந்து ரைபிள்காரர்கள் கனமான ஈயக் குண்டு மெதுவாகக் குழாயைக் கடக்கும் வரை மூச்சுவிடாமல் நிற்பதும் இதனால்தான். ஆகவே வெடித்ததும் இரண்டு எண்ணும் வரை அப்படியே நில்லுங்கள். கன்னம் கட்டையிலேயே, கண் குறியிலேயே, விரல் அழுத்தியபடியே. பிறகு அட்டையைப் பார்க்காமல், "வலது பக்கம் எட்டு" என்று எங்கே பட்டிருக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள். சொன்னதும் பட்டதும் ஒன்றாக வரத் தொடங்கும் நாளில் இந்த விளையாட்டு உங்களுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தினாற்போல வைத்து, அது எப்படி உதறுகிறதோ அப்படியே உதற விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதறினால் ஒரே இடத்தில் பெல்லட் விழும்.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது போதும். களைத்த பிறகு சுடுவதெல்லாம் தப்பைப் பழகுவதுதான். ஒரு நோட்டில் தேதி, எந்த பெல்லட், எத்தனை, எப்படிப் போனது என்று இரண்டு வரி எழுதுங்கள். மழைக்காலம், வியர்வை, தூக்கம் எல்லாம் அதில் தெரிய வரும்.

கொஞ்சம் கை வந்ததும் போட்டி பக்கம் போங்கள். ஏர் ரைபிளில் 60 சுடுதல், மின்னணு அட்டை என்றால் 75 நிமிடம், அதற்கு முன்னால் தயாராகவும் சுட்டுப் பார்க்கவும் 15 நிமிடம். பிள்ளைகள் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தால் தோட்டா போட்டுச் சுடும் பாயிண்ட் 22 ரைபிள் சுடவும் வாய்ப்பு கிடைக்கும். உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி, டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் இதே பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் கடலூரில்தான். வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில் என்றாலும், எங்கள் தெருப் பிள்ளைகளிடம் முதலில் அந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

கடைசியாகத் துரு. கடற்கரை ஊரில் ரைபிளுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் குழாயின் மேல் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும், கை பட்ட இடத்தில் ரேகையே துருவாகத் தெரியும். சுட்டு முடித்ததும் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை இன்னொரு துணியில் இரண்டு சொட்டு விட்டு மெல்லிசாகத் தடவுங்கள். காற்று அழுந்தும் அறைக்குள் எண்ணெய் ஒரு சொட்டும் போகக் கூடாது, அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு புகையோடு வெடிக்கும், ஸ்பிரிங்கும் சீலும் நாசமாகும். ஸ்பாஞ்ச் வைத்த உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதில் போட்டு மூடி வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, ஸ்பிரிங்கைத் தளர்த்திய நிலையில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பெல்லட் டப்பா வேறு அலமாரியில் இருக்கட்டும், பீரோ சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.